பாதியில நின்ன பக்கியை வாங்கி முடிச்சிடலாம்னு இருக்கறவங்களுக்கு

சொந்தமா ஒரு ஆஃப்ரோடு பக்கி, அதாவது பைப் கூண்டுலயே கட்டி காடு மேட்டுல ஓட்டற சின்ன வண்டி, கட்டணும்னு ஆசைப்படறவங்க முக்காவாசிப் பேரு முதல்ல பைப் வாங்கப் போறதில்ல, எவனாவது பாதியில விட்ட ப்ராஜெக்ட் சல்லிசா வருதான்னுதான் தேடறாங்க. நானும் வடவள்ளில வீட்டுக்குப் பின்னாடி இருக்கற தகர ஷெட்டை நம்பி அதைத்தான் பண்ணேன். ஈரோடு பக்கம் ஒருத்தர் வெச்சிருந்தார், ரெண்டு சீட்டு பக்கி, பைப் பிரேம் முழுசா வெல்ட் ஆகி பெயின்ட்டும் அடிச்சாச்சு, பின்னாடி மாருதி 800 எஞ்சினும் கியர்பாக்ஸும் மாட்டியாச்சு, "வயரிங் மட்டும்தாங்க பாக்கி, நேரமில்லாம விக்கறேன்"னார். 85 ஆயிரம் கொடுத்து குட்டியானையில ஏத்திட்டு வந்தேன். இன்னிக்கு வண்டி ஓடுது, ஆனா அந்த 85 ஆயிரத்துல எனக்கு மிஞ்சினது எஞ்சின், கியர்பாக்ஸ், ரெண்டு பக்கெட் சீட்டு, அவ்வளவுதான். அந்த பிரேமை அறுத்து எடைக்குப் போட்டப்ப மூவாயிரத்துச் சொச்சம் வந்துச்சு. மொத்தக் கணக்கு மூணே கால் லட்சத்தைத் தாண்டிடுச்சு, அதுல ஒரு லட்சத்துக்கு மேல சுத்தமா வீண். ரெண்டு தீபாவளி போயிடுச்சு. இதையெல்லாம் வாங்கறதுக்கு முன்னாடி யாராவது ஒருத்தர் டீக்கடையில உக்கார வெச்சு சொல்லியிருந்தா நல்லாருந்திருக்கும், அதான் எழுதறேன்.

முதல்ல பேப்பர் விஷயத்தை முடிச்சிடறேன், ஏன்னா எல்லாரும் இதைக் கடைசிக்குத் தள்ளுவாங்க. எஞ்சினுக்கு ஆதாரமா எனக்கு ஒரு ஆர்.சி. ஜெராக்ஸ் கொடுத்தார். வீட்டுக்கு வந்து பிளாக்குல இருந்த கிரீஸை டீசல் துணியால தொடச்சுட்டு எஞ்சின் நம்பரைப் பார்த்தா ஜெராக்ஸ்ல இருக்கற நம்பரே இல்ல. பகீர்னு ஆயிடுச்சு. திருட்டு வண்டி எஞ்சினா இருந்தா கடைசியா கையில வெச்சிருக்கறவன் நான்தானே. அவருக்கு போன் மேல போன் போட்டு, அவரு வேற ஒரு வண்டியோட ஜெராக்ஸை மாத்திக் கொடுத்துட்டார்னு தெரிஞ்சு, சரியான பேப்பர் கைக்கு வர்ற வரைக்கும் ஷெட்டு கதவையே திறக்கல. நம்பரை அங்கேயே நின்னு தொடச்சுப் பார்த்துட்டுதான் பணத்தை எண்ணணும். முழு காரா வாங்கிப் பிரிக்கறதா இருந்தா முதல்ல பேரு மாத்திடுங்க, பிரிச்சதும் ஆர்.டி.ஓ.ல சொல்லி பதிவை ரத்து பண்ணணும், மோட்டார் வாகனச் சட்டம் 55வது பிரிவு அதுக்கு 14 நாள் தருது.

அப்புறம் இதை ரோட்டுல ஓட்டலாமான்னு எல்லாரும் கேக்கறாங்க. முடியாது. கம்பெனி கொடுத்த வண்டியையே மாத்தக்கூடாதுன்னு 52வது பிரிவு இருக்கு, 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் அதையே உறுதியா சொல்லிடுச்சு. நாமளே கட்டின வண்டிக்கு நம்பர் வேணும்னா மத்திய மோட்டார் வாகன விதிகள்ல 126வது விதிப்படி புனேல ஏ.ஆர்.ஏ.ஐ., நம்ம ஒரகடத்துல ஜி.ஏ.ஆர்.சி. மாதிரி வண்டிங்களை டெஸ்ட் பண்ற இடத்துல ப்ரோட்டோடைப்பைக் கொடுத்து டெஸ்ட்ல பாஸ் ஆகணும், அது கம்பெனிக்காரங்க பண்ற வேலை, ஷெட்டுல உக்காந்துக்கிட்டு இருக்கற நமக்கு ஆகாது. ரிசர்வ் ஃபாரஸ்ட்டுக்குள்ள போலாம்னு நினைப்பே வேண்டாம். எனக்குக் கிணத்துக்கடவுல மாமா தோப்பு இருக்கு, ஒவ்வொரு தடவையும் குட்டியானை வாடகை கொடுத்துதான் அங்க கொண்டு போறேன். உங்களுக்கு ஓட்ட சொந்த நிலமோ சொந்தக்காரங்க நிலமோ இல்லைன்னா இந்தப் பதிவை இதோட நிறுத்திட்டு ஒரு நல்ல பழைய ஜிப்ஸி வாங்கிக்கங்க, நெசமாதான் சொல்றேன்.

சரி, வண்டிக்கு வருவோம். மாருதி 800 எஞ்சினை ஏன் எல்லாரும் பக்கிக்குப் பிடிக்கறாங்கன்னா 796 சிசி, மூணு சிலிண்டர், ரெண்டு பேரு தூக்கினா நகர்த்தற வெயிட், ஸ்பேர் எந்த ஊர்லயும் கிடைக்கும். முன்சக்கர டிரைவ் வண்டிங்கறதால எஞ்சின், கியர்பாக்ஸ், வீலைச் சுத்தற தண்டு (டிரைவ் ஷாப்ட்), வீல் மாட்டற ஹப் எல்லாம் ஒரே செட்டா முன்னாடியே இருக்கும், அந்த செட்டை அப்படியே தூக்கி பின்னாடி வெச்சா பின்சக்கர டிரைவ் பக்கி ரெடி. ஐடியா ரொம்ப சிம்பிள். சிக்கல் எங்கன்னா கியர் ராடு. 800ல கியர் ராடு கியர்பாக்ஸ்லேர்ந்து பின்பக்கமா டிரைவரை நோக்கி வரும். செட்டை அப்படியே பின்னாடி கொண்டு போனா டிரைவர் இப்ப கியர்பாக்ஸுக்கு முன்னாடி இருக்கார், ராடு அவருக்கு எதிர்ப்பக்கம் பார்த்துக்கிட்டு நிக்கும். இதுக்கு எனக்கு வித்தவரோ, அவருக்குக் கட்டிக் கொடுத்த ஆளோ ஒரு சுருக்கு வழி பண்ணியிருந்தாங்க, எஞ்சின் செட்டையே அரை வட்டம் திருப்பி மாட்டிட்டாங்க. ராடு அழகா டிரைவர் பக்கம் வந்துடுச்சு. பார்க்கறதுக்கும் சுத்தமா இருந்துச்சு.

வயரிங் மட்டும்தான் பாக்கின்னாரே, எலக்ட்ரீஷியன் அண்ணாவைக் கூப்பிட்டு 14 ஆயிரத்துக்கு முழு வயரிங்கும் பண்ணியாச்சு. வண்டியை நாலு ஸ்டாண்டுல தூக்கி நிறுத்தி ஸ்டார்ட் பண்ணோம், முதல் செல்ஃப்லயே பிடிச்சுக்கிச்சு, அந்த சத்தத்துக்கே எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. கிளட்ச்சை மிதிச்சு ஃபர்ஸ்ட் கியர் போட்டு மெதுவா விட்டேன், பின் டயர் ரெண்டும் பின்னாடி பார்த்து சுத்துது. செகண்ட் போட்டேன், இன்னும் வேகமா பின்னாடி. ரிவர்ஸ் போட்டா முன்னாடி போகுது. அந்த அண்ணா ஒண்ணும் பேசாம சாவியைத் திருப்பி ஆஃப் பண்ணிட்டு, "ஏனுங்க, நாலு கியர் ரிவர்ஸு, ஒரு கியர் முன்னாடி, யாருங்க இதைக் கட்டினது"ன்னார். எனக்கு சிரிப்பா அழுகையான்னே தெரியல. அன்னிக்கு ராத்திரி சோறு எறங்கல. வித்தவர் நேரமில்லாம விக்கல, இதைக் கண்டுபிடிச்சுட்டுதான் வித்திருக்கார்ங்கறது அப்பதான் உறைச்சுது. போன் போட்டா எடுக்கல, அப்புறம் நம்பரே மாறிடுச்சு.

இதைக் கண்டுபிடிக்க ஸ்டார்ட் பண்ணவே வேண்டியதில்ல. டிரைவ் வீலை ஜாக்கி போட்டுத் தூக்கி ஃபர்ஸ்ட் கியர்ல வெச்சுட்டு, ஸ்பார்க் ப்ளக்கைக் கழட்டிட்டு, கிராங்க் புல்லி நட்டுல ஸ்பானர் போட்டு எஞ்சின் ஓடற திசையில கையால சுத்துங்க, வீல் எந்தப் பக்கம் போகுதுன்னு தெரிஞ்சிடும். பத்து நிமிஷ வேலை. பாதி முடிச்ச பக்கி எது வாங்கினாலும் இதைப் பார்க்காம அட்வான்ஸ் கொடுக்காதீங்க, "பேட்டரி இல்லீங்க, அப்புறம் பாத்துக்கலாம்"னு சொன்னா கிளம்பி வந்துடுங்க.

கணபதில ஒரு லேத் அண்ணா இருக்கார், பம்ப் ஷாப்டுக்கே வாழ்க்கையைக் கொடுத்தவர், ஆனா வண்டின்னா உசுரு. கியர்பாக்ஸுக்குள்ள எதையாவது மாத்தி திசையைத் திருப்ப முடியுமான்னு அவர்கிட்ட போய் நின்னேன். பழைய ஃபோக்ஸ்வேகன் பீட்டில் கார் கியர்பாக்ஸ்ல முடியும் தம்பி, அதுல பெரிய பல்சக்கரம் கிரவுன் வீலை சின்னப் பல்சக்கரம் பினியனுக்கு அந்தப் பக்கம் மாத்திப் போட்டா திசை மாறிடும், இது ரெண்டு ஷாப்டும் பக்கம் பக்கமா ஓடற, சாய்ஞ்ச பல்லு வெச்ச ஹெலிகல் கியர், எந்தப் பக்கம் வெச்சாலும் அதே திசைதான்னுட்டார். அப்ப எஞ்சினைத் திரும்ப சரியா திருப்பிடலாம்ணான்னேன். வண்டிய வந்து பார்த்துட்டு சொல்றேன்னார். ஞாயித்துக்கிழமை வந்தார், கையில ஒரு டியூப் லெவல், ரெண்டு தூக்குக்குண்டு, ஒரு சாக்பீஸ் டப்பா. கொத்தனார் வேலைக்கு வந்தவர்னு எங்கம்மா நினைச்சுக்கிட்டாங்க.

அவர் பண்ணினதை அப்படியே சொல்றேன், இதுக்கு ஐநூறு ரூபாகூட ஆகாது. பிரேமை ஸ்டாண்டுல வெச்சு டியூப் லெவல்ல தண்ணி மட்டம் பார்த்து நாலு மூலையும் ஒரே உயரத்துக்குக் கொண்டு வந்தார். அப்புறம் வீலைத் தாங்கற சஸ்பென்ஷன் ஆர்ம் மாட்டற ஒவ்வொரு ஓட்டையிலேர்ந்தும் தூக்குக்குண்டை விட்டு, குண்டு ஆடறது நிக்கற வரைக்கும் பீடி பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்து, முனை தொடற இடத்துல தரையில சாக்பீஸ்ல ஒரு கூட்டல் குறி போட்டார். எல்லாத்தையும் போட்டு முடிச்சுட்டு பிரேமைத் தள்ளி வெச்சுட்டோம், இப்ப தரையில வெறும் புள்ளிங்கதான் இருக்கு. டேப்பைப் பிடிச்சு குறுக்கு அளவு ரெண்டையும் பார்த்தா 22 மில்லிமீட்டர் வித்தியாசம். இடது பக்கம் முன் புள்ளிக்கும் பின் புள்ளிக்கும் இருக்கற நீளம் வலது பக்கத்தைவிட 14 மில்லி கம்மி. பெயின்ட் அடிச்சு பளபளன்னு நின்ன பிரேம், தரையில புள்ளியா பார்த்தா கோணலா உக்காந்திருந்துச்சு. இது இல்லாம, எஞ்சினைத் திருப்பினா டிரைவ் ஷாப்ட் வெளிய வர்ற இடமும் இடம் மாறுது, அப்ப பின் ஆர்ம் மொத்தத்தையும் நகர்த்தணும், நகர்த்தினா சீட்டுக்குப் பின்னாடி இருக்கற பைப் இடிக்குது. "சட்டையைத் தைச்சு வெச்சுட்டு அதுக்கு ஆளைத் தேடியிருக்கான் தம்பி, அறுத்துப் போடு"ன்னார்.

எனக்கு மனசு வரல. கொஞ்ச நாள் ஒட்டுப் போட்டு காப்பாத்திடலாம்னு பார்த்தேன். சீட்டுக்கு அடியில இருக்கற குறுக்கு பைப்பை அறுத்தப்பதான் அது தண்ணி லைனுக்குப் போடற, துத்தநாக முலாம் பூசின ஜி.ஐ. பைப்னு தெரிஞ்சுது, மேல பெயின்ட் இருந்ததால வெளிய தெரியல. அதுக்குப் பக்கத்துலயே வெல்டிங் வெச்சதுல வெள்ளைப் புகை, நாக்குல ஒரு இனிப்புக் கசப்பு, ராத்திரி பத்து மணிக்கு குளிர் ஜுரம் தூக்கிப் போட்டுடுச்சு. துத்தநாகப் புகை ஜுரம்னு டாக்டர் சொன்னார், ஒரு நாள்ல தானா இறங்கிடுச்சு. பால் குடிச்சா சரியாகும்னு வெல்டிங் ஆளுங்க சொல்வாங்க, அதெல்லாம் பேச்சோட சரி. ஜி.ஐ.யை வெல்ட் பண்ணாதீங்க, பண்ணியே ஆகணும்னா முலாமை சுத்தமா அரைச்சு எடுத்துட்டு வெளிக் காத்துல நின்னு சரியான மாஸ்க் போட்டுப் பண்ணுங்க. உருண்டா உயிரைக் காப்பாத்த வேண்டிய பிரேம்ல தண்ணி பைப் இருக்கறது அதைவிடப் பெரிய விஷயம். அடுத்த நாளே பிரேமை அறுத்து உக்கடம் பழைய இரும்புக் கடைக்கு அனுப்பிட்டேன். என் பொண்டாட்டி ஒண்ணும் சொல்லல, அதுதான் ரொம்ப வலிச்சுது.

ரெண்டாவது பிரேம் வேலையை லேத் அண்ணா சொன்ன வரிசையிலதான் பண்ணேன், இந்தப் பதிவுல எதையாவது ஒண்ணை எடுத்துக்கறதா இருந்தா இந்த வரிசையை எடுத்துக்கங்க. டயர்தான் முதல்ல. டயரும் ரிம்மும் கையில வந்தப்புறம் ஹப், ஹப் தெரிஞ்சா டிரைவ் ஷாப்ட் நீளம், அதை வெச்சு எஞ்சின் எங்க உக்காரும்னு முடிவாகும், அப்புறம் சீட்டு, அதுல நாம உக்காந்து கால் பெடலுக்கு எட்டற அளவு, ஸ்டீரிங் ராக், இதெல்லாம் தரையில அதது இடத்துல கட்டையும் செங்கல்லும் வெச்சு நிறுத்தினதுக்கு அப்புறம்தான் பைப். அந்த பைப்பும் முதல்ல இரும்பு இல்ல. வீட்டு வயரிங்குக்குப் போடற 25 மில்லி பி.வி.சி. பைப்பும் பக்கி பிரேம் பைப்பும் கிட்டத்தட்ட ஒரே தடிமன், அதை வாங்கி ஜிப் டையும் டேப்பும் போட்டு முழு கூண்டையும் கட்டிப் பார்த்தேன். உள்ள ஹெல்மெட் போட்டு உக்காந்தா தலைக்கு மேல மூணு விரல்தான் இடம் இருந்துச்சு, பி.வி.சி.யை மாத்தறதுக்கு ஆயிரம் ரூபா, இரும்பா இருந்தா இன்னொரு எடைக்குப் போடற வேலை.

பைப் வாங்கறப்ப கடைக்காரர் வாயை நம்பாதீங்க. காலேஜ் பசங்க மத்தியப் பிரதேசம் பீத்தம்பூருக்கு வண்டி கட்டிட்டுப் போவாங்கல்ல பாஹா போட்டி, அந்த ரூல் புக்கு ஓசியிலயே கிடைக்கும், அதுல கூண்டுக்கு 25.4 மில்லி வெளி விட்டம், 3 மில்லி சுவர் கனம், குறைஞ்சது 0.18 சதவீதம் கார்பன்னு தெளிவா போட்டிருக்கும். அது சின்ன 10 எச்.பி. எஞ்சின் வண்டிக்கான கணக்கு, நம்மது அதைவிட வேகம், அதைவிட வெயிட்டு, அதனால நான் மெயின் வளையத்துக்கு இன்னும் தடிமனான பைப்பா போட்டேன். கடையில 3 மில்லி சீம்லெஸ், அதாவது ஒட்டே இல்லாத பைப்னு கொடுத்தாங்க, வெர்னியர் வெச்சா ரெண்டு மில்லிதான், உள்ள விரலை விட்டா நீளமா ஒரு தழும்பு தட்டுப்படுது, அது தகட்டைச் சுருட்டி நீளவாக்குல ஒட்டின ஈ.ஆர்.டபிள்யூ. பைப். வெர்னியரும் டார்ச்சும் கொண்டு போங்க, டெஸ்ட் சர்டிபிகேட் கேளுங்க, தராத கடையில வாங்காதீங்க. வளைக்கறதுக்கு சேர், கேட் வளைக்கற கடைக்குப் போனா உள்பக்கம் மடிப்பு விழும், மடிப்பு விழுந்த இடத்துலதான் பின்னாடி உடையும். பைப் அளவுக்கு ஏத்த அச்சு (டை) போட்டு இழுத்து வளைக்கற மெஷின் இருக்கற இடமா தேடிப் போங்க, குறிச்சி சிட்கோவுல எனக்குக் கிடைச்சுது, ஒரு வளைவுக்கு இவ்வளவுன்னு காசு, வலிக்கும், கொடுத்துடுங்க.

வெல்டிங்ல நான் சொல்றது ஒண்ணே ஒண்ணு, எல்லா ஜாயின்ட்டையும் முதல்ல டேக் (சின்னப் புள்ளி வெல்ட்) மட்டும் வைங்க, மறுபடியும் தூக்குக்குண்டு விட்டு அளவு பாருங்க, அப்புறம் இடது ஒண்ணு வலது ஒண்ணு முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணுன்னு மாத்தி மாத்தி ஃபுல் வெல்ட் பண்ணுங்க, ஒரே பக்கமா போனா சூட்டுல இழுத்துடும். முக்கியமான ஜாயின்ட்டை எல்லாம் வேற நல்ல வெல்டரைக் கூப்பிட்டு வெச்சேன், முடிஞ்சதும் டை பெனட்ரன்ட் ஸ்ப்ரே செட்டு வாங்கி அடிச்சுப் பார்த்தேன், சிவப்பு மருந்து அடிச்சுத் தொடச்சுட்டு வெள்ளை அடிச்சா விரிசல் இருக்கற இடத்துல சிவப்புக் கோடு எழும்பும். ஷோல்டர் பெல்ட் மாட்டற பைப்புல ரெண்டு இடத்துல எழும்புச்சு. வெறும் கண்ணுக்கு அந்த வெல்ட் கோடு அவ்வளவு அழகா இருந்துச்சு. கிரைண்டர் கட்டிங் டிஸ்க்குல நடுவுல இருக்கற இரும்பு வளையத்துல எக்ஸ்பயரி போட்டிருப்பாங்க, அதையும் பாருங்க, டிஸ்க்கை மூடியிருக்கற கார்டைக் கழட்டிட்டு ஓட்டாதீங்க, எங்க தெருவுல ஒருத்தர் தாடையில தையல் போட்டுக்கிட்டு நிக்கறார்.

கரண்ட்டு பில் யாரும் கணக்குல எடுக்காத செலவு. ரெண்டு மாசத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினா வீட்டு கனெக்ஷனுக்கே ஸ்லாப் மாறிடும், வெல்டிங் மெஷினும் கம்ப்ரசரும் ஓடினா சுலபமா தாண்டும். அதோட ராத்திரி ஏழு மணிக்கு மேல எங்க ஏரியால வோல்டேஜ் இறங்கிடும், அந்த நேரத்துல வெச்ச வெல்டிங் மேலோட்டமா ஒட்டிக்கிட்டு நிக்கும், உள்ள இறங்காது. அதனால காலையில மட்டும்தான் வெல்டிங், சாயந்திரம் அளவு எடுக்கறது, துரு எடுக்கறதுன்னு வெச்சுக்கிட்டேன், பக்கத்து வீட்டுக்காரங்களும் சத்தம் போடறதை நிறுத்தினாங்க.

ஓட்ட ஆரம்பிச்சப்புறம் வந்தது வேற. இந்தத் தடவை எஞ்சினைத் திருப்பாம வெச்சதால கியருக்கு கேபிள் செட்டு போட்டேன், ராடை வளைச்சு வளைச்சு கொண்டு வர்றதைவிட அது மேல். முன்னாடி ஸ்டீரிங்குக்கு இருந்த நக்கிள் (ஹப்பைத் தாங்கற இரும்புத் துண்டு) இப்ப பின்னாடி இருக்கு, அதுல ஸ்டீரிங் டை ராடு மாட்டற கையை பிரேமோட லிங்க் போட்டுக் கட்டணும், அந்த லிங்க் கீழ் ஆர்ம் பிரேம்ல மாட்டற பிவட்டுக்குப் பக்கத்துலயே ஆரம்பிக்கலைன்னா ஒவ்வொரு பள்ளத்துலயும் பின் டயர் தானா திரும்பும், பயந்துடுவீங்க. டிரைவ் ஷாப்ட் வெளி ஜாயின்ட் நல்லா மடங்கும், உள் ஜாயின்ட் அவ்வளவு மடங்காது, வீல் தொங்கறப்ப அது முட்டி நின்னு ஜாயின்ட்டை மூடற ரப்பர் உறையைக் கிழிச்சுடும், வீல் ரொம்பத் தொங்காம இருக்க லோடு கட்டற நைலான் பெல்ட்டுல லிமிட் ஸ்ட்ராப் போட்டதும் நின்னுச்சு. ரேடியேட்டர் முன்னாடி, எஞ்சின் பின்னாடி, நடுவுல நீள பைப், அதுல காத்து அடைச்சுக்கிட்டா டெம்பரேச்சர் மீட்டர் நார்மல்னு காட்டிக்கிட்டே இருக்கும், சென்சார் தண்ணிய தொடாம காத்துல நிக்கறதால அதுக்கு சூடே தெரியாது, எஞ்சின் ஹெட்டு போயிடும். பைப்போட உச்சியில காத்தை வெளிய விடற ஒரு ப்ளீட் ஸ்க்ரூ வைங்க, முன்பக்கத்தை ஜாக்கில தூக்கி வெச்சு தண்ணி ஊத்துங்க. ப்ரேக்குக்கு டெஸ்ட் ரொம்ப சிம்பிள், மண்ணுல மெதுவா ஓட்டி மிதிச்சா நாலு வீலும் ஒண்ணா லாக் ஆகணும், பாஹாலயும் அதைத்தான் பார்ப்பாங்க. எனக்கு முதல்ல பின்னாடி மட்டும் நின்னுச்சு, லைனை முன் ஜோடி பின் ஜோடின்னு பிரிச்சு, பின் ப்ரேக் அழுத்தத்தைக் குறைக்கற பயாஸ் வால்வு போட்டு சரி பண்ணேன். பெட்ரோல் டேங்குக்கும் சீட்டுக்கும் நடுவுல தகடு, கை எட்டற இடத்துல எஞ்சினை உடனே நிறுத்தற கில் ஸ்விட்ச், காலுக்குப் பக்கத்துல தீயணைப்பு சிலிண்டர், இது மூணும் இல்லாம தோப்புக்குள்ளகூட ஸ்டார்ட் பண்றதில்ல.

தனியா வேலை பண்றவங்களுக்கு இன்னொண்ணு. எஞ்சின் தூக்கறப்ப யாராவது கூட இருக்கணும், அதைவிட முக்கியம் நீங்க எடுத்த அளவை இன்னொருத்தர் தனியா எடுத்துப் பார்க்கணும், நமக்கு நம்ம டேப் எப்பவுமே நமக்குப் பிடிச்ச நம்பரைத்தான் காட்டும். லேத் அண்ணா ஒரு பைசா வாங்கல, தோப்புக்கு வந்து ஒரு ரவுண்டு ஓட்டணும்னு மட்டும் கேட்டார், ஓட்டிட்டு இறங்கி ஏர் ஃபில்டரைக் கழட்டிக் காட்டினார், ஒரே ரவுண்டுல செம்மண்ணு அப்பிக்கிடந்துச்சு. பின் டயர் தூக்கியடிக்கற புழுதி நேரா அங்கதான் போகுது. இப்ப அந்த ஃபில்டரை சீட்டுக்கு மேல கூண்டு உயரத்துக்குக் கொண்டு போற வேலைதான் ஷெட்டுல ஓடிக்கிட்டு இருக்கு.